வெந்நீரில் துவைக்கக் கூடாது

காலை ஒன்பது மணிக்கு ஏழாம் கட்டிலருகே ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் மார்புக்காம்பு சுரீரென்று வலித்தது. ஆறு பேரில் ஒருத்தி பிள்ளை பெற்றவள். நான்கு பேர் சட்டை போட்டவர்கள். மிச்சம் ஒருவர் நடித்துக்கொண்டிருந்தார்.

நடித்தவர் தவசிலிங்கம். வயது ஐம்பத்தொன்று. தலையில் விட்டதை மீசையில் பிடித்தவர். மதுரையில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் நான்காம் வார்டுக்கு ஒரே ஆண் செவிலியர். வார்டில் எல்லோருக்கும் 'பிரதர்'. பள்ளிக்கூட நாடகத்தில் ஆலமரமாக நின்ற பிறகு அவர் நடித்ததில்லை. ஆலமரத்துக்கு எங்கேயும் வலிக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே மற்றவர்கள் 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்த அரை நொடி கழித்துத் தானும் இழுத்து, மீசையைக் கோணி, இடது மார்பைக் கையால் பிடித்துக்கொண்டார்.

தலைமைச் செவிலி ரெஜினா வலியோடு வலியாகத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை வலது பக்கம் குடிக்குது பிரதர்."

தவசிலிங்கம் கையை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

அரசாணையில் அந்தச் சட்டைக்கு 'ஒத்துணர்வு மேலுடை' என்று பெயர். வார்டில் வலிச்சட்டை. பார்வைக்கு வெளிர்நீலத்தில் ஒரு சாதாரணச் சட்டைதான். உள்துணியில் முடியைவிட மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் ஓடும். தாயின் பிடரியில் ஒரு சின்ன வில்லை ஒட்டுவார்கள். அதற்கு நரம்பொட்டு என்று பெயர். சட்டை போட்டவர் கட்டிலுக்கு நான்கடி தூரத்துக்குள் வந்ததும் இழைகள் விழித்துக்கொள்ளும். தாய்க்கு எங்கே வலிக்கிறதோ அங்கேயே அவருக்கும் வலிக்கும். சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு.

சட்டை வருவதற்கு முன்னால் பிரசவ வார்டுகளில் வலியைவிட வசவு அதிகம் என்று பெயர். அரசு சும்மா இருக்கவில்லை. வகுப்பு எடுத்தது, சுவரொட்டி ஒட்டியது, ஊழியர்களின் மனப்பான்மையை அளக்க வினாத்தாள் கொடுத்தது. 'பாலூட்டும் தாய்க்குத் துணை நிற்பது என் கடமை: முழுதும் ஒப்புகிறேன், ஓரளவு ஒப்புகிறேன், ஒப்பவில்லை.' எல்லோரும் முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, பேனாவை மூடி, வார்டுக்குள் போய்த் திட்டினார்கள். தவசிலிங்கமும் டிக் அடித்தவர்தான், திட்டியவர்தான். "பெத்துக்கத் தெரியுது, பிள்ளையைப் பிடிக்கத் தெரியலையா?" என்று ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணை அவர் கேட்டதும், அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டதும் இன்றைக்கும் குளிக்கும்போது திடீரென்று நினைவுக்கு வந்து கையிலிருக்கும் சோப்பை நழுவ வைக்கும்.

பிறகுதான் முனைவர் அல்லி இந்தச் சட்டையைக் கண்டுபிடித்தார். வசவு ஒரே வாரத்தில் நின்றது. முதல் நாள் பால் சுரக்கும் குறுகுறுப்பைத் தன் ரோம மார்பில் உணர்ந்த தவசிலிங்கம் துணிக்கிடங்குக்குள் போய், போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். வெளியே வந்து தூசி என்றார். சட்டை ஊரெல்லாம் பரவியது, இடத்துக்குத் தகுந்தபடி அது எட்டும் தூரமும் கூடியது. பல் மருத்துவர்கள் மரப்பு ஊசி போட்டுவிட்டு முழுசாகக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஆசிரியர்கள் நாற்பது வயிற்றுப் பசியைச் சேர்த்துச் சுமந்ததில் பள்ளிகளின் மதிய மணி பதினொன்றரைக்கு இறங்கி வந்தது. நகரப் பேருந்து ஓட்டுநர் கடைசி வரிசைப் பயணியின் இடுப்பை அணிந்துகொண்டு வண்டி ஓட்டினார்.

சட்டைக்கு ஒரே ஒரு பத்தியம். காலரில் சிவப்பு எழுத்தில் தைத்திருக்கும்: வெந்நீரில் துவைக்கக் கூடாது. புதிதாகச் சேரும் ஊழியர்களுக்கு இதை விளக்கி வகுப்பெடுப்பவர் தவசிலிங்கம். "வெந்நீர்ல போட்டா இது சட்டை இல்ல, வெறும் துணி" என்று மூன்று முறை அழுத்திச் சொல்வார். போன ஞாயிற்றுக்கிழமை, மனைவி ஊரில் இல்லாத நாளில், கைலியோடும் துண்டோடும் சேர்த்து வலிச்சட்டையைச் சலவை இயந்திரத்தில் போட்டு, கறை நன்றாகப் போகட்டும் என்று வெந்நீர் பொத்தானை அமுக்கியவரும் அவரேதான்.

சாயம் போகவில்லை, சுருங்கவில்லை. செத்துப்போயிருந்தது.

செத்த சட்டையோடு வார்டுக்குள் வருவதற்குச் சட்டத்தில் 'உணர்வின்றிப் பணிபுரிதல்' என்று பெயர். வேலை போகும் வரை இழுக்கக்கூடிய குற்றம். ஒழுங்காகக் கிடங்கில் ஒப்படைத்தால் புதுச் சட்டை வரும் வரை ஆவண அறையில் உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒப்படைக்கும் படிவத்தில் 'பழுதுக்குக் காரணம்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நிரப்பிய மறுநாள் எந்த முகத்தோடு வகுப்பெடுப்பது? திங்கட்கிழமை காலையில் சட்டையை நன்றாக இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு வந்துவிட்டார்.

இது செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் நடிப்பில் அவர் ஒன்று கண்டுபிடித்திருந்தார். நடிக்க வேண்டுமென்றால் எப்போது வலிக்கிறது, எங்கே வலிக்கிறது என்று தெரிய வேண்டும். சட்டை சொல்லாது. தாயின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், வேறு யாருமே தாயின் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது தெரிந்தது. வலி வந்ததும் அத்தனை பேரும் குனிந்து தங்கள் மார்பைப் பார்த்தார்கள்.

பார்வை அப்படியே தரைக்கும் போனது. கட்டிலைச் சுற்றி நான்கடிக்குள் தரை புத்தம் புதிதாகப் பளபளத்தது. அதற்கு வெளியே தேய்ந்து வெளுத்திருந்தது.

ஏழாம் கட்டிலில் இருந்தவள் ஆதிரை. இருபத்தாறு வயது, நகரப் பேருந்தில் நடத்துநர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அறுவை சிகிச்சையில் பெண் பிறந்தது. பிறந்தபோது எடை இரண்டாயிரத்து எழுநூறு கிராம்; இன்று இரண்டாயிரத்து நானூற்று எழுபது. முதல் நாட்களில் எந்தக் குழந்தையும் கொஞ்சம் இளைக்கும். பத்தில் ஒரு பங்கைத் தாண்டி இளைத்தால் பவுடர்பால் புட்டி கொடுக்க வேண்டும் என்பது வார்டு விதி. காலையில் வலித்த நால்வரில் ஒருவரான இளம் டாக்டர் கண்ணைத் துடைத்தபடி கணக்கைச் சொன்னார்: நாளைக் காலை பத்து மணி எடை இரண்டாயிரத்து நானூற்று முப்பதுக்குக் கீழே போயிருந்தால் புட்டி எழுதிவிடுவேன். சொல்லி முடித்ததும் நான்கடிக்கு வெளியே போய் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஆதிரை முதல் நாளே சொல்லியிருந்தாள், தானேதான் கொடுக்கப் போவதாக. ஏன் என்று கேட்டவர்களிடம், "ஒம்பது மாசமா உள்ள நான்தானே குடுத்தேன், அப்ப யாராச்சும் வந்து பத்தலைன்னு சொன்னாங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். நெரிசல் பேருந்தில் வாயால் பிழைப்பவள். திட்டுக்கு அசருகிற ஆள் இல்லை. ஆனால் வார்டில் யாரும் திட்டவில்லை.

ரெஜினா புட்டியைக் கொண்டுவந்து கட்டிலருகே மேசைமேல் வைத்தார். வலது மார்பை அமுக்கிப் பிடித்திருந்தார். கண்ணில் நிஜமான நீர்.

"கட்டாயமில்லம்மா, பக்கத்துல இருக்கட்டும். எனக்கே தாங்கல. நீ எப்படித்தான் தாங்குறியோ."

உலகத்திலேயே கனிவான குரல் அதுதான். ஆதிரையின் தோள் அதுவரை நிமிர்ந்திருந்தது, அப்போது இறங்கியது. வசவுக்குப் பதில் வசவு அவளிடம் இருந்தது. இரக்கத்துக்குப் பதில் இல்லை. அனுபவப்பட்ட சிஸ்டருக்கே மூன்றில் ஒரு பங்கு தாங்கவில்லை என்றால் முழுசாக வாங்குகிற தான் எந்த மூலைக்கு என்று அவள் புட்டியைப் பார்த்ததைத் தவசிலிங்கம் பார்த்துவிட்டார்.

ரெஜினா நகர்ந்தார். கூட நின்ற தாதிகள் இருவரும் நகர்ந்தார்கள். தவசிலிங்கம் நகரவில்லை. இரக்கம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கே கூச்சமாக இருந்தது. தப்பித்து ஓட அவருக்கு வலி இல்லை, அதுதான் விஷயம். அடுத்த கட்டிலிலும் இப்படித்தான் முகத்தைப் பார்த்து நடித்தாக வேண்டும், இங்கேயே கொஞ்சம் ஒத்திகை பார்க்கலாம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கம்மா வலிக்குது?"

ஆதிரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

சட்டை வந்த பத்து வருஷத்தில் அந்த வார்டில் யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டிருந்தார். தவசிலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"தெரியும். வாயாலயும் கேட்டு எழுதணுமாம். புது விதி."

கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்தாள். காம்பின் நுனியில் வலிக்கிறது. பிள்ளை கடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. பல்லே இல்லாதவள் எப்படிக் கடிக்கிறாள் என்று புரியவில்லை. ஒரு மணி நேரம் சப்பினாலும் முழுங்குகிற சத்தமே வரவில்லை, நாக்கைச் சொடுக்குகிற மாதிரி 'டக் டக்' என்றுதான் கேட்கிறது. "ஒரு டிரிப்புல நூறு பேரை ஏத்தி இறக்குறவண்ணே நான். ரெண்டரைக் கிலோவை ஏத்த முடியல" என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது.

தவசிலிங்கம் வேறெங்கும் பார்க்காமல் குழந்தையின் கன்னத்தை மட்டும் பார்த்தார். ஸ்ட்ரா வைத்து இளநீர் உறிஞ்சுகிற மாதிரி உதடு குவிந்து, கன்னத்தில் குழி விழுந்துகொண்டிருந்தது. பழைய வகுப்புகளில் கேட்டதெல்லாம் மூளையின் பரணில் எங்கோ கிடந்தது. ஒவ்வொன்றாகத் தூசி தட்டிக்கொண்டு இறங்கியது. பால் இல்லாமல் இல்லை. பிள்ளை வாய் வைக்கிற இடம்தான் தப்பு. இது அவருக்கு முன்பே தெரிந்த சங்கதிதான். சட்டை உயிரோடு இருந்தபோது இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்க்க முடிந்ததில்லை.

அப்போதுதான் ஆதிரை தன் பேருந்துக் கதையைச் சொன்னாள். அவளுடைய வண்டி ஓட்டுநர் தங்கமான மனிதராம். வலிச்சட்டை போட்டதிலிருந்து கடைசி வரிசைக்காரர் இடுப்பு தன் இடுப்பாகிவிட்டதாம்.

"குழியைக் கண்டா வண்டியை ஓரங்கட்டிடுவாருண்ணே. ஒருத்தருக்கும் இடுப்பு வலிக்கலை. ஒருத்தரும் ஊர் போய்ச் சேரலை."

தவசிலிங்கம் மேசைமேல் இருந்த புட்டியைப் பார்த்தார். எதிர்க் கட்டிலின் மேசையிலும் ஒன்று இருந்தது. அதற்கடுத்ததிலும். சட்டைக்கு முன்னால் பத்துக்கு ஒரு பிள்ளை புட்டியோடு வீடு போகும்; இப்போது ஏழு. யாரும் ஒளித்த கணக்கு இல்லை, வார்டுப் பதிவேட்டில் இருந்தது. ஆனால் மேலிடத்துக்குப் போனது மனப்பான்மை மதிப்பெண் மட்டும்தான், அது தொண்ணூற்றெட்டு. வலித்தால் மனிதன் வலியை நிறுத்தப் பார்ப்பான். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையைச் சரியாக வாய் வைக்கச் செய்ய மணிக்கணக்காகும், சிலருக்கு மூன்று நாள். புட்டிக்கு அரை நிமிஷம். அத்தனை பேரும் மனசார, கண்ணீரோடு, தங்கள் வலியைத்தான் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். புட்டியோடு வீடு போனவளுக்கு நான்காம் நாள் பால் கட்டி மார்பு கல்லாகும்போது பிடரியில் நரம்பொட்டு இருக்காது. அந்த வலி எந்தச் சட்டையிலும் ஏறாது.

மூன்றரை மணிக்கு ரெஜினா அவரைத் தனியே கூப்பிட்டுக் கைபேசியை நீட்டினார். இயக்குநரகத்திலிருந்து செய்தி; எல்லாச் சட்டைகளின் வலிப்பதிவும் அங்கேதான் போய்ச் சேரும். தவசிலிங்கத்தின் சட்டை இரண்டு நாளாக ஒரு வலியையும் பதியவில்லை. கோடு நேராக ஓடுகிறது. பழுது என்றால் மாலை ஐந்துக்குள் கிடங்கில் ஒப்படைக்கவும். இல்லையென்றால் நாளை காலை நேரில் ஆய்வு. சட்டையை வடிவமைத்த முனைவர் அல்லியே வருகிறார்.

"கருவிக் கோளாறா இருக்கும்னு சொல்லியிருக்கேன்" என்றார் ரெஜினா, வலது காலின் செருப்பைக் கழற்றி, குதிகாலைத் தரையில் படாமல் தூக்கி நின்றபடி. "உங்க முகம் படுற பாட்டைத்தான் நான் பாக்குறேனே. எதுக்கும் போய்க் குடுத்துடுங்க பிரதர். ஆவண அறையில மின்விசிறி நல்லா ஓடும்."

ஐந்து மணிக்குள் ஒப்படைத்தால் வேலை தப்பும். ஒப்படைத்தால் நாளைக் காலை பத்து மணி வரை ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சட்டை போட்டவர்கள். தவசிலிங்கம் கிடங்குப் பக்கம் பாதி வழி நடந்தார். குளியலறைக் கதவைக் கடந்தபோது ஏனோ சோப்பு நழுவுகிற நினைவு வந்தது. திரும்பிவிட்டார்.

நான்கு மணி பார்வையாளர் நேரத்தில் ஆதிரையின் கணவன் கபிலன் வந்திருந்தான். பயந்த முகம், கையில் பொட்டலம். மனைவிக்குப் பிடிக்குமென்று டீக்கடைப் பன் பட்டர் ஜாம் வாங்கி வந்திருந்தான். தவசிலிங்கம் அதைக் கேட்டு வாங்கினார். பாதியாய்ப் பிளந்து, வெண்ணெயும் ஜாமும் பிதுங்க, உள்ளங்கை அளவுக்கு உப்பியிருந்த பன்.

"இதை எப்படிம்மா கடிப்பீங்க? நுனியிலயா?"

நுனியில் கடித்தால் ஜாம் வராது என்றாள் ஆதிரை.

"அப்புறம்?"

அவர் ஐம்பத்தொரு வயதையும் பதவியையும் ஓரமாக வைத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, முகவாயை முன்னே கொண்டுவந்து, வாயை ஆவென்று பிளந்து, கீழுதடு பன்னின் அடியில் போய் உட்காரும்படி மெதுவாக ஏறிக் கடித்தார். மீசையெல்லாம் வெண்ணெய். "பிள்ளை மூக்கு காம்புக்கு நேரா வரணும். முகவாய் முதல்ல போய் ஒட்டணும். கீழ்ப்பக்கம் நிறைய, மேல்பக்கம் கொஞ்சம். வாய் பெரிசாத் திறக்குற வரைக்கும் விடாதீங்க. நீங்க குனிஞ்சு பிள்ளைகிட்டப் போகாதீங்க, பிள்ளையை உங்ககிட்டக் கொண்டாங்க."

கபிலன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அதேதான், அந்த அளவுக்குத் திறக்கணும்" என்று தவசிலிங்கம் அவனை உதாரணமாகக் காட்டினார்.

ஆதிரையின் கண்ணில் ஏதோ விழித்தது. "அப்ப இவ இதுவரைக்கும் படியில தொங்கிட்டு இருந்திருக்கா."

"அதேதான். உள்ள இடம் இருக்கு, ஏத்திவிட ஆள் இல்ல."

தையல்மேல் பாரம் விழுவதால்தான் பிள்ளையை நெருக்கமாக அணைக்க அவள் பயந்தாள். அதற்கும் வழி இருந்தது. தவசிலிங்கம் ஒரு துண்டைச் சுருட்டிப் பிள்ளையாக்கி, கால்கள் முதுகுப் பக்கம் போக, தலை கையில் நிற்க, அக்குளில் இடுக்கிக் காட்டினார். டிக்கெட் பையை நெரிசலில் எப்படிப் பிடிப்பாளோ அப்படி என்றார். பிறகு மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது; காலை ஏழரை மணி நெரிசலை நகர்த்துகிற குரல், இப்போது கிசுகிசுப்பாக. "உள்ள போம்மா. படியில நிக்காத. உள்ள ஏறி வா, இடம் இருக்கு பாரு." மூன்று முறை இறக்கி ஏற்றினாள். நான்காவது முறை 'டக் டக்' நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மிகச் சின்னதாக, யாரோ ரகசியமாகத் தண்ணீர் குடிப்பதுபோல 'க்ளுக்' என்றது.

"வலிக்குதாம்மா?" என்று தவசிலிங்கம் சுவரிடம் கேட்டார்.

"இல்லண்ணே." அவள் அழுதுகொண்டிருந்தாள். "இழுக்குது. வலிக்கல."

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

மறுநாள் பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முனைவர் அல்லி வந்தார். ஐம்பது வயது, பருத்திப் புடவை, கையில் சோதனைக்கோல். நேராகத் தவசிலிங்கத்திடம் வந்து கோலை அவர் காலரில் வைத்தார். அது ஓசை எழுப்பவில்லை. தோளில், முதுகில், மார்பில் வைத்தார். எங்கும் இல்லை. காலரைப் புரட்டி முகர்ந்து பார்த்தார், சலவைப்பொடி வாசனை.

"எத்தனை டிகிரி?"

"தொண்ணூறு மேடம்."

ரெஜினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுக் காலையில் கையைத் தப்பான பக்கம் வைத்ததைக் கண்ணால் பார்த்தும் தனக்குத் தோன்றவில்லையே என்று முணுமுணுத்தார். "எனக்கே வலிக்கிறப்போ உங்களை யாரு கவனிச்சா."

அல்லி குற்றப் படிவத்தைத் திறந்தார். தவசிலிங்கம் எதையும் மறுக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் பத்து மணி எடை முடியட்டும், பத்து நிமிஷம்தானே என்று கேட்டுக்கொண்டார். யாருடைய எடை என்று அல்லி கேட்டார். அந்த விவகாரம் முழுவதும், பன் உட்பட, அவருக்குச் சொல்லப்பட்டது.

தராசை உருட்டி வந்து ஏழாம் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினார்கள். டாக்டர் பிள்ளையைக் கிடத்தினார். ஆதிரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், திடீரென்று பிரேக் போட்டால் விழுந்துவிடாதபடி காலைக் கொஞ்சம் அகட்டி. எண்கள் ஓடி, தயங்கி, நின்றன.

இரண்டாயிரத்து நானூற்று எண்பத்தைந்து.

குறையவில்லை, பதினைந்து கிராம் கூடியிருந்தது. இரண்டு பிஸ்கட்டின் எடை. டாக்டர் கட்டிலை நெருங்கினார், வழக்கம்போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு. தோள் மெதுவாக விரிந்தது. ரெஜினாவும் நெருங்கினார். நான்கடிக்குள் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த வார்டில் மார்பு வலிக்காத ஒரு கட்டிலருகே நின்று அவர்களுக்குப் பழக்கமில்லை.

அல்லி தராசில் நின்ற எண்ணைக் குனிந்து படித்தார். பிறகு தவசிலிங்கத்திடம் திரும்பினார்.

"சட்டை இல்லாம, எங்க வலிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"கேட்டேன் மேடம்."

"அவ்வளவுதானா?"

"பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

அல்லி ஸ்டூலில் உட்கார்ந்தார். கோலை மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமும் என்றில்லாமல் சொன்னார், தன் மகன் பிறந்தபோது ஒரு செவிலி தன்னைத் திட்டியதை. அவளுக்கு ஒரு நாளாவது இந்த வலி வலிக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்ததை. "வலிக்கணும்னுதான் செஞ்சேன். வலிச்சது. அதுக்கு மேல நான் யோசிக்கவே இல்ல." படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார்; கையெழுத்து வாங்க மறந்தவர் மாதிரி தெரியவில்லை. போகும்போது தவசிலிங்கத்தின் செத்த சட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து எல்லா மருத்துவமனைகளுக்கும் புதுச் சட்டை வந்தது: 'ஒத்துணர்வு மேலுடை, நுண்வகை'. கூடவே சுற்றறிக்கை. இந்த வகை மிக நுட்பமானது. இதன் உணர்வு அணிந்தவருக்கே சட்டென்று புலப்படாது. ஆகவே சட்டை சரியாக இயங்குகிறதா என்பதை ஒவ்வொரு கட்டிலிலும் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யும் முறை: கட்டிலருகே அமரவும். எங்கே, எப்படி வலிக்கிறது என்று தாயிடம் கேட்கவும். அவர் சொல்லி முடிக்கும் வரை எழ வேண்டாம்.

வகுப்பெடுக்கும் பொறுப்பு வழக்கம்போலத் தவசிலிங்கத்துக்கு வந்தது. கட்டைப் பிரித்து முதல் சட்டையை உதறியதும் பழக்கதோஷத்தில் காலரைப் பார்த்தார். பச்சை எழுத்து. வெந்நீரில் துவைக்கலாம். துணியை விரலால் தேய்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இழை என்று ஒன்றுமில்லை; நல்ல ஈரோட்டுப் பருத்தி. முப்பது பேர் பேனாவோடு காத்திருந்தார்கள். ஆலமரமாக நின்ற நாளுக்குப் பிறகு இவ்வளவு அசையாத முகம் அவருக்கு வாய்த்ததில்லை.

"இது ரொம்ப நுணுக்கமான சட்டை" என்று தொடங்கினார்.

மாத முடிவில் நான்காம் வார்டில் பத்துக்கு இரண்டு பிள்ளைகள்தான் புட்டியோடு வீடு போயின, அதுவும் நிஜமாகவே தேவைப்பட்டவை. மனப்பான்மை மதிப்பெண் எண்பத்தொன்றுக்கு இறங்கியது. வினாத்தாளை நிரப்ப யாருக்கும் நேரமில்லை. கட்டிலைச் சுற்றித் தரை தேயத் தொடங்கியிருந்தது. ரெஜினாவுக்குச் சட்டைமேல் அளவில்லாத மதிப்பு.

"அபாரம் பிரதர்" என்றார் ஒரு மத்தியானம். "மூணாம் நம்பர்ல முதுகா இருக்குமோன்னு எனக்கே ஒரு இது. கேட்டேன். கரெக்டா முதுகுதான்."

தவசிலிங்கம் தலையாட்டினார். ரெஜினா வலது குதிகாலைத் தரையில் படாமல் தூக்கி வைத்து நின்றிருந்தார், எப்போதும்போல. எப்போதிலிருந்து என்று தவசிலிங்கம் யோசித்தார். சட்டை செத்த வாரம் தான் முகங்களைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து. அதற்கு முன்னாலும் எத்தனையோ வருஷம் ரெஜினா அப்படித்தான் நின்றிருப்பார்.

"சிஸ்டர், குதிகால் எப்படி வலிக்குது? குத்துதா, எரியுதா?"

ரெஜினா திடுக்கிட்டுத் தன் காலைப் பார்த்தார், பிறகு அவர் சட்டையைப் பார்த்தார்.

"இது ஸ்டாஃபையும் பிடிக்குமா?"

"பிடிக்கும் போலிருக்கு" என்றார் தவசிலிங்கம், ஸ்டூலை இழுத்துப் போட்டபடி. "உக்காந்து சொல்லுங்க. சரி பார்த்துக்கிறேன்."